டிக்கட் வெட்டிய பிறகு

பிள்ளைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பெரியாஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தால் லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். தாய்க்கு மட்டும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்த ராத்திரிகள் முடிகின்றன. பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் ‘மிஸ்’ என்று ஒரு குரல் கொடுக்க, யாராவது ஓடிவந்த ராத்திரிகளும் அதோடு முடிகின்றன. கையில் ஒரு பை கொடுத்தனுப்புகிறார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய் ஒன்றிரண்டு, பால் ஏற்றும் பெரிய சிரிஞ்சு, வலிப்பு மருந்துப் போத்தல், கிளினிக் கொப்பி, ஆங்கிலத்தில் எழுதிய டயக்னோசிஸ் கார்ட். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ அந்தப் பையோடு பஸ் ஏறுகிறவள் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இராகலையிலோ இறங்கி, தோட்டத்து ரோட்டில் ஆட்டோ பிடித்து, ஆட்டோ ஏற மறுக்கும் இடத்திலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். லயத்து வாசலை மிதிக்கும்போது அவள் ஒரு நர்ஸாகிவிட்டாள். வார்டில் பக்கத்தில் நின்று பார்த்த சில நாட்கள்தான் அவளுடைய பயிற்சி.

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டுக் கைகால் விறைத்துப்போன பிள்ளை, விழுங்க முடியாததால் குழாயில் சாப்பிடும் பிள்ளை, தலையில் கோக்கும் நீரை வயிற்றுக்கு வடியவிடும் குழாயைத் தோலுக்கடியில் சுமக்கும் பிள்ளை, முதுகெலும்பு மூடாமல் பிறந்து நாளுக்குப் பல தடவை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கவேண்டிய பிள்ளை, தொண்டையில் இட்ட துளை வழியே மூச்சு விடும் பிள்ளை. இவர்களைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன். இவர்களில் பலருக்கு இந்த நிலை முற்றாக மாறப் போவதில்லை. எந்நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கவேண்டியவர்களும் இல்லை. ஆனால் பகலும் இரவும் பழகிய கை ஒன்று அவர்களுக்கு வேண்டும்.

அந்தக் கை செய்யவேண்டியது கொஞ்சமல்ல. பால் ஏற்றுமுன் குழாயிலிருந்து சிறிது உறிஞ்சிப் பார்த்து, அது வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். குழாய் நகர்ந்து மூச்சுப் பாதைக்குள் போயிருந்தால் ஏற்றுகிற பால் நெஞ்சுக்குள் இறங்கும். தலையை உயர்த்திப் பிடித்து மெதுவாக ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அரைமணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து புண் வைக்கும். மூட்டுகளை நாள்தோறும் நீட்டி மடக்கிவிடாவிட்டால் கால்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும், பிறகு துணி மாற்றுவதுகூடப் பிள்ளைக்கு வேதனை. சளியை உறிஞ்சியெடுக்க வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். வார்டில் இந்த வேலைகளை நர்ஸ்மார் ஷிப்ட் போட்டுப் பங்கிட்டுச் செய்கிறார்கள். லயத்தில் ஒருத்திதான். விடியுமுன் பீலியில் தண்ணீர் பிடிப்பவளும் அடுப்பு மூட்டுபவளும் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புபவளும் அவளேதான்.

ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளை கையை வீசிக் குழாயைப் பிடுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வலிப்பு மருந்தும் அந்தக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். மருந்து தவறினால் வலிப்பு வரலாம். 1990க்கு அழைக்கலாம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த அந்த இலவச அம்புலன்ஸ் சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் தோட்டத்து ரோட்டின் கடைசி மைல்களில் எந்த வண்டிக்கும் பாடுதான். கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிப் போன கதை இல்லாத தோட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை. எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பிள்ளையை வார்டில் போடுவார்கள், பக்கத்துக் கட்டில் பிள்ளையின் இருமல் இதற்கும் தொற்றும், தாய்க்கு வேலை நாட்கள் போகும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் அக்கம்பக்கத்தார் பொறுப்பில் கிடப்பார்கள். இத்தனையும் எதற்காக? பழகிய தாதி ஒருத்தி இஸ்தோப்பில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய ஒரு வேலைக்காக.

இந்த அலைச்சல் நாலைந்து தடவை நடந்தபின் சில தாய்மார் குழாயையே விட்டுவிடுகிறார்கள். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிப் பார்க்கிறார்கள். பிள்ளை இருமுகிறது, கண் கலங்குகிறது, ஆனாலும் வாய் திறக்கிறது. தாய்க்கு அதில் ஒரு நிறைவு. தன் கையால் ஊட்டிய சோறு அல்லவா. அந்தக் கஞ்சி துளித்துளியாக நுரையீரலில் இறங்குவது வெளியே தெரியாது. விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காத பிள்ளைகளை உலகெங்கும் அதிகமாகக் கொண்டுபோவது இப்படி வரும் நிமோனியாதான். அந்தத் தாயைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வரக் கூடாது. அவளுக்குச் சொல்லித் தர ஆள் இருந்ததா? சொன்னவர்கள் அவளுடைய பாஷையில் சொன்னார்களா?

வீட்டில் வைத்துப் பராமரிப்பது என்று சொல்லும்போது நம் பக்கத்தில் வீடு எது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் தை மாதத்து இரவுகளில் பனி உறைகிறது. சன்னலைத் திறக்க முடியாது. ஈர விறகுப் புகை கூரைக்கடியில் தங்கி, ஏற்கெனவே சளி கட்டிய நெஞ்சுக்குள் போகிறது. சளி உறிஞ்சும் மெஷினுக்கு ஒரு பிளக் வேண்டும். பழைய லயங்களின் வயர்களில் தீப்பற்றி வரிசையாகக் காம்பராக்கள் எரிந்த செய்திகளை நாம் வருஷந்தோறும் படிக்கிறோம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மெஷினை நம்பியிருக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும்? ஆகவே ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கேட்கிற நம் பழைய கோரிக்கையில் இந்தப் பிள்ளைகளின் மூச்சும் அடங்கியிருக்கிறது. புகை வெளியேறும் அடுப்படி, வாசல்வரை தண்ணீர், நம்பகமான மின்சாரம், சக்கர நாற்காலி திரும்ப ஒரு அறை. வைத்தியர் சீட்டில் எழுதிக்கொடுக்க முடியாத மருந்துகள் இவை.

ஆனாலும் வீடு கட்டி முடியும்வரை பிள்ளை காத்திருக்காது. லயத்துக் காம்பராவுக்குள்ளேயே செய்யக்கூடியது நிறைய உண்டு. கட்டிலை அடுப்படிச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தலாம். மரப்பெட்டியை அறுத்துச் சாய்வு நாற்காலி செய்யலாம். 1987இல் டேவிட் வெர்னர் எழுதிய ‘ஊனமுற்ற கிராமத்துப் பிள்ளைகள்’ பற்றிய பெரிய கையேடு முழுவதும் இப்படிப்பட்ட செய்முறைதான். மூங்கில், பழைய டயர், கார்ட்போர்ட் கொண்டு ஏழைக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு என்னென்ன செய்யலாம் என்று படம் போட்டு விளக்கியது அது. வந்து பார்த்து, இந்த இடத்தில் இப்படி வை என்று சொல்ல ஒரு ஆள்தான் தேவை. ஆஸ்பத்திரி கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் காம்பரா தெரியாது. மேசைக்கு எதிரே இருக்கும் தாயிடம் அவர் ‘தலையை உயர்த்தி வையுங்கள்’ என்பார். எதை வைத்து உயர்த்துவது என்று அவருக்கும் தெரியாது, அவளும் கேட்கமாட்டாள்.

தோட்டங்களில் பிள்ளைப் பராமரிப்பு புதிய விஷயம் அல்ல. 1872இல் வந்த வைத்தியத் தேவைகள் சட்டம் தொழிலாளருக்கு மருந்தும் ஆஸ்பத்திரியும் ஏற்பாடு செய்யச் சொன்னது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விரிவாகப் போய், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் கொடுப்பதையும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தக்க கவனிப்பும் போஷாக்கும் கிடைக்கச் செய்வதையும் தொரையின் கடமையாக்கியது. பிறகு பிள்ளைக்காம்பரா வந்தது. மலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போய், பால் கொடுக்க இடையில் இறங்கி வந்து, மீண்டும் நெரைக்கு ஏறினார்கள். தோட்ட ஆஸ்பத்திரி, மருத்துவிச்சி, பால்மா, தடுப்பூசி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1970களின் நடுப்பகுதியில், பஞ்ச காலத்தில், தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் முதல் வருஷத்திலேயே செத்துப்போனார்கள். அந்த நிலையிலிருந்து நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். வந்ததற்கு இந்த ஏற்பாடுகளும், லயம் லயமாக ஏறி இறங்கிய மருத்துவ மாதர்களின் கால்களும் காரணம்.

ஆனால் இந்த ஏற்பாடுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. எல்லாமே கொழுந்தைச் சுற்றித்தான் சுழன்றிருக்கின்றன. பிள்ளைக்காம்பரா இருந்தால் தாயின் இரண்டு கையும் செடிக்குக் கிடைக்கும். பிள்ளை உயிரோடு வளர்ந்தால் நாளைக்கு அதுவும் கூடை கட்டும். தோட்டக் கணக்கில் பராமரிப்பு என்பது வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக. ஒருநாளும் கூடை கட்டப் போகாத பிள்ளைக்கு, தாயின் கையையும் மலையிலிருந்து இழுத்துப் பிடிக்கும் பிள்ளைக்கு, அந்தக் கணக்கில் பத்தி இல்லை. 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தபோதும், அதன்பின் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றபோதும் அந்தப் பத்தி சேர்க்கப்படவில்லை. அங்கும் இங்கும் கன்னியாஸ்திரீகளும் தொண்டு நிறுவனங்களும் செய்துவருவது பெரிய காரியம். அது கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவே.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தையையும், பிறந்தவுடன் அழாத குழந்தையையும் காப்பாற்றும் திறமை இன்று நம் ஆஸ்பத்திரிகளுக்கு உண்டு. முன்பென்றால் முதல் கிழமையே போயிருக்கும் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் சிலர் இப்படிப்பட்ட தேவைகளோடு வீடு வருகிறார்கள். கிளங்கனில் 150 கட்டிலோடு எழுந்து, 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை நம் மக்களுக்குப் பெரிய ஆறுதல். கட்டிடம் திறக்க ரிப்பன் உண்டு, கூட்டம் உண்டு. அந்தக் கட்டிடத்திலிருந்து வெளியேறும் பிள்ளையைப் பின்தொடர்ந்து லயத்துக்கு வர ஒரு தாதியை நியமிப்பதற்கு விழா எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ யாருக்கும் அது தோன்றவில்லை.

தாயின் கணக்குக்கு வருகிறேன். ‘இத வச்சிக்கிட்டு எப்புடி மலைக்குப் போறது’ என்று கேட்கும் பெண்கள் நம்மிடையே எத்தனையோ பேர். போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவானது, 2024இல் 1,350 ஆனது. ஒவ்வொரு ரூபாவுக்கும் நம் ஆட்கள் ரோட்டில் இறங்கிக் கத்தியிருக்கிறார்கள். பிள்ளையோடு லயத்தில் தங்கிவிட்டவளுக்கு அந்தப் போராட்டத்தின் பலன் ஒரு சதமும் இல்லை. சம்பளம் மட்டும் போகவில்லை, அதோடு சேமலாப நிதியும் போகிறது, முதுமையில் கைக்கு வரவேண்டிய பணமும் குறைகிறது. சில வீடுகளில் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். பாட்டி இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளையின் பள்ளிக்கூடம்தான் முதலில் நிற்கிறது. ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே குழாயில் பால் ஏற்றக் கற்றுக்கொண்டுவிடுகிறாள். அவளை ‘பொறுப்பான புள்ள’ என்று ஊர் மெச்சும். அந்த மெச்சுதலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கிடைக்காத தாதியின் விலையை இன்னொரு பிள்ளை தன் படிப்பால் கட்டுகிறது.

அரசு ஒன்றும் கொடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாவாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. அதைப் பெறக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் வைத்தியச் சான்றிதழோடு அலைய வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டா, விட்டுவிட்டா அலைவது என்பது தாயின் பாடு. கிடைத்தாலும் அந்தப் பத்தாயிரம், 1,350 ரூபாக் கணக்கில், ஏழு நாள் கூலிக்குச் சற்று மேல். அந்தக் குடும்பம் இழப்பதோ மாதம் முழுவதன் கூலியை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவும் நப்கினும் சத்துமாவும் தனி.

கடல் தாண்டிப் பார்த்தால், கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர் சிலர் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம் கேரளம் முழுவதும் பரவி, 2008இல் அரசின் கொள்கையாகியது. இன்று அங்கே பஞ்சாயத்துகள் நியமித்த தாதியர் படுக்கையில் இருப்பவர்களின் வீடு தேடிப் போகிறார்கள். புற்றுநோய் முற்றியவர், பக்கவாதத்தில் விழுந்தவர், மூளை பாதித்த பிள்ளை என்று யார் வீடானாலும் போகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. சில மாதப் பயிற்சி பெற்ற உதவித் தாதியரும் ஊர்த் தொண்டர்களும் ஒரு ஜீப்பும் மருந்துப்பெட்டியுமாகச் சாதித்தார்கள். படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 இந்திய ரூபா கொடுக்கும் திட்டமும் அங்கே உண்டு. தொகை மிகச் சிறியது. ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்பவர் செய்வது ஒரு வேலை என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் நோய்த்தணிப்புத் தாதியும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். அங்கே தாய்மாருக்குத் தமிழில் சொல்லித்தரும் வார்த்தைகளும் படங்களும் அப்படியே நமக்கும் பயன்படும். கேட்டு வாங்கவேண்டியதுதான் பாக்கி.

பணக்கார நாட்டிலும் இது தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட் என்ற பெண்குழந்தை, சில மாதத்தில் மூளைக்காய்ச்சல் கண்டு, மூச்சு மெஷினோடு ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தாள். வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள், செலவும் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் அரசு பணம் கட்டும் என்று விதி இருந்தது. பெற்றோர் விடாமல் கேட்டார்கள். 1981இல் அந்த நாட்டு ஜனாதிபதியே பகிரங்கமாகப் பேசும் அளவுக்கு விஷயம் பெரிதாகி, விதி தளர்ந்து, கேட்டி வீடு வந்தாள். அடுத்த வருஷம் மற்றப் பிள்ளைகளுக்கும் வழி திறக்கும் சட்டம் வந்தது. அவள் வளர்ந்து, தன்னைப் போன்றவர்களுக்காகப் பேசித் திரிந்து, 34 வயதுவரை வாழ்ந்தாள். ஒரு தாயின் நச்சரிப்பு ஒரு தேசத்தின் விதியை மாற்றியது. நம் தாய்மாரின் நச்சரிப்பு பிரதேச செயலகத்தின் கவுண்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே அவர்களின் குரலைத் தூக்கிக்கொண்டு போக நாம் போதிய ஆட்களாக இருந்ததில்லை.

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, வீடு தேடிப் போகும் மருத்துவ மாது இலங்கைச் சுகாதாரத்தின் பெருமை. கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் அவர்கள் பார்க்கும் பார்வையை உலகமே மெச்சுகிறது. அதே பாதையில், அதே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து, ஒரு தாதியும் நடக்கலாம். மருத்துவ மாதின் தலையில் இதையும் கட்டக் கூடாது, அவளுடைய சுமை ஏற்கெனவே பெரிது. குழாய் மாற்றவும் புண் கழுவவும் மருந்தின் அளவைச் சரிபார்க்கவும் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தீர்மானிக்கவும் தாதியின் படிப்பு வேண்டும்.

அந்தத் தாதி தமிழ் பேச வேண்டும். மலையகத்து வார்டுகளில் தாதியின் சிங்களத்துக்கும் தாயின் தமிழுக்கும் நடுவே துப்புரவுத் தொழிலாளியோ பக்கத்துக் கட்டில்காரியோ மொழிபெயர்ப்பாளராக நிற்பதைப் பார்க்காதவர் யார்? இரண்டு மில்லிலீற்றர் என்பதற்கும் இரண்டு கரண்டி என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இடைவெளியில் தொலைந்துவிடலாம். தமிழ்த் தாதியர் ஏன் குறைவு என்று தேடிப்போனால் பாடசாலை ஆய்வுகூடத்தில் வந்து நிற்போம். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். இன்றும் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலைக்குப் போக நம் பெண்பிள்ளைகள் மணிக்கணக்கில் பஸ்ஸில் தொங்குகிறார்கள், இல்லாவிட்டால் கலைப்பிரிவோடு திருப்திப்படுகிறார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கலைப்பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த வேலைக்குரிய பொறுமையும் கையும் இருக்கிறது! கேரளத்தைப் போல உதவித் தாதியர் பயிற்சி ஒன்றைத் தமிழில் தொடங்கி, அரசு நியமனமும் முறையான சம்பளமும் கொடுத்து, ஒரு முழுத் தாதியின் மேற்பார்வையில் வைத்தால் அவர்களே வருவார்கள். தம் லயத்துப் பிள்ளையைப் பார்க்க அவர்களுக்கு வழி கேட்கத் தேவையில்லை.

இடத்துக்கும் பஞ்சமில்லை. சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இப்போது போர்டு தொங்கினாலும் சனங்கள் பிள்ளைக்காம்பரா என்றே சொல்லும் கட்டிடம் அநேகமாக டிவிஷனுக்கு ஒன்று உண்டு. லயங்களிலிருந்து நடக்கும் தூரத்தில், கூரையும் தண்ணீரும் ஒரு ஆயாவும் உள்ள இடம். தாதி கிழமையில் ஒரு நாள் அங்கே உட்காரலாம். தாய்மார் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். இதுபோன்ற பிள்ளை தன் வீட்டில் மட்டுந்தான் என்று, முற்பிறப்புப் பாவம் என்று முடங்கிக் கிடப்பவள் அடுத்த மலையிலும் ஒருத்தி இருக்கிறாள் என்று கண்ணால் பார்ப்பாள். பயிற்சி பெற்ற ஆயாவிடம் பிள்ளையைச் சில மணி நேரம் விட்டுவிட்டுத் தாய் கொஞ்சம் தூங்கினால்கூடப் போதும். தூக்கம் இல்லாமல் வருஷக்கணக்கில் இருப்பவர்களுக்கு அது மருந்து.

இதை யார் செய்வது என்ற பழைய இழுபறி மட்டும் வேண்டாம். தோட்டக் காணி கம்பனியின் பொறுப்பில் இருப்பதால் ரோட்டையும் லயத்தையும் நாம் தொட முடியாது என்று அரசு சொல்லும். சுகாதாரம் அரசின் வேலை என்று கம்பனி சொல்லும். ஆனால் அரசு ஒதுங்க முடியாது. நம் மக்களிடமிருந்து 1948இல் பறிபோன குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முற்றாகத் திரும்பியது. லயத்தில் பிறக்கும் பிள்ளை இன்று கொழும்பில் பிறக்கும் பிள்ளைக்குச் சமமான பிரஜை. சிறுவர் உரிமைச் சாசனத்தை 1991இலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை 2016இலும் ஏற்று உறுதிசெய்த அரசு அந்தப் பிரஜையைத் தேடி வர வேண்டும். கம்பனி ரோட்டைத் திருத்தட்டும், பிள்ளைக்காம்பராவைத் திறந்துவிடட்டும், தாதிக்குத் தங்க ஒரு குவாட்டர்ஸ் கொடுக்கட்டும்.

தொடங்குவதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் எந்தப் பிள்ளை இப்படி இருக்கிறது என்று மருத்துவ மாதருக்குத் தெரியும். அவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டு ஒரு பட்டியல் எழுதலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நம் மலைகள் சரிந்து வீதிகள் அறுந்தபோது, முதலில் எந்த வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று சொல்ல அப்படி ஒரு பட்டியல் பணிமனைகளில் இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு டிக்கட் வெட்டும்போது கார்டின் ஒரு பிரதி, தமிழ்க் குறிப்போடு, அந்தப் பிரிவின் தாதிக்குப் போகட்டும். முதலில் அம்பகமுவவிலும் நுவரெலியாவிலும் சில பிரிவுகளில் செய்து பார்க்கலாம்.

தாயின் கூலி மட்டும் சுகாதார அமைச்சால் தீராது. அது சம்பளப் பேச்சு மேசைக்கு வரவேண்டிய விஷயம். நம் தொழிற்சங்கங்கள் கிலோவுக்கும் ரூபாவுக்கும் போராடியிருக்கின்றன, பிரசவ லீவுக்காகவும் பேசியிருக்கின்றன. அடுத்த முறை கோரிக்கைகள் எழுதப்படும்போது, வைத்தியச் சான்றிதழோடு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருக்கும் தாய்க்கு மாதத்துக்கு எத்தனை நாள் பேர் போடுவது, அவளுடைய சேமலாப நிதி அறாமல் எப்படித் தொடர்வது என்ற இரண்டு வரியையும் அதில் சேர்க்க வேண்டும். தலைவர்மார் தாமாகச் சேர்ப்பார்கள் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் பெண்கள் எழுந்து இதைக் கேட்க வேண்டும். எழுதத் தெரிந்த நாம் அவர்களோடு கூடப் போய் நின்று, அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.